ஆறு அங்குலம்

1905-ம் வருடம், டிசம்பர் 16. சனிக்கிழமை மதியம். வேல்ஸ் தேசத்தின் கார்டிஃப் நகரமே வேலையை அப்படியே போட்டுவிட்டு ஆர்ம்ஸ் பார்க் மைதானத்தில் கூடியிருந்தது.

வந்திருந்த விருந்தாளிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. நியூசிலாந்திலிருந்து கப்பலேறி வந்த ரக்பி அணி. தலை முதல் கால் வரை கறுப்பு உடை. 'ஆல் பிளாக்ஸ்' என்று பெயர். போன இடமெல்லாம் வெளுத்து வாங்கிக்கொண்டே வந்தார்கள். ஸ்காட்லாந்து காலி, அயர்லாந்து காலி, இங்கிலாந்து காலி. பாக்கி இருந்தது வேல்ஸ் மட்டும்தான்.

அன்றைக்கு வேல்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் பாதியிலேயே டெடி மார்கன் ஒரு 'டிரை' போட, ஸ்கோர் 3-0. இரண்டாம் பாதியில் நியூசிலாந்தின் பாப் டீன்ஸ் கையில் பந்து. 21 வயது இளைஞர். எதிராளியின் கோட்டை நோக்கி ஓடுகிறார். கோட்டருகே வேல்ஸ்காரர்கள் பாய்ந்து பிடிக்கிறார்கள். விழுகிறார். பந்து கோட்டைத் தாண்டித் தரையைத் தொட்டதா, தொடவில்லையா?

இந்த இடத்தில் ரக்பி தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். நம்ம ஊர் கபடியை நினைத்துக்கொள்ளுங்கள். பாடிப் போனவன் மேல் நாலு பேர் விழுந்து அமுக்க, புழுதிக்கு நடுவே அவன் விரல் நடுக்கோட்டைத் தொட்டதா இல்லையா என்று ஒரு சண்டை வருமே, அதேதான். விரலுக்குப் பதில் முட்டை வடிவப் பந்து. எதிரணியின் கோட்டின் மேலோ அதற்கு அப்பாலோ பந்தைத் தரையில் பதித்தால் அது டிரை. அன்றைய கணக்கில் மூன்று பாயின்ட். அமுக்க நாலு பேர் அல்ல, சமயத்தில் பத்துப் பேர்கூட இருப்பார்கள். பந்து எங்கே இருக்கிறது என்று அடியில் கிடப்பவனுக்கு மட்டும்தான் தெரியும்.

கார்டிஃபுக்கு வருவோம். நடுவர் ஜான் டல்லாஸ். ஸ்காட்லாந்துக்காரர். 27 வயது. ஒருமுறை தன் நாட்டுக்காக ஆடியவர். சட்டம் படித்தவர், பின்னாளில் நீதிபதியாகவே உட்கார்ந்தவர். டீன்ஸ் விழுந்தபோது அவர் பின்னால் ஓடி வந்துகொண்டிருந்தார். சாதாரண உடை போட்டிருந்தார், காலில் ஈரத்தரைக்கு ஏற்ற ஆணி வைத்த ஷூகூட இல்லை என்பது நியூசிலாந்துக்காரர்களின் புகார். அவர் வந்து சேர்ந்து பார்த்தபோது பந்து கோட்டுக்குச் சில அங்குலம் முன்னால் இருந்தது. டிரை இல்லை என்றார்.

டீன்ஸ் என்ன சொன்னார்? 'நான் கோட்டைத் தாண்டி ஆறு அங்குலத்தில் பதித்தேன். நடுவர் வருவதற்குள் என்னைப் பின்னால் இழுத்துவிட்டார்கள்' என்பது அவர் கட்சி. லண்டன் 'டெய்லி மெயில்' பத்திரிகைக்குத் தந்தியே அடித்தார்.

மேட்ச் 3-0 என்றே முடிந்தது. அந்தச் சுற்றுப்பயணத்தில் நியூசிலாந்து ஆடியது 35 மேட்ச். தோற்றது இந்த ஒன்றில் மட்டும். மூன்றே வருடத்தில், 1908-ல், குடல்வால் அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலில் டீன்ஸ் செத்துப்போனார். வயது 24. சாகும்போதுகூட 'கார்டிஃபில் நான் டிரை போட்டேன்' என்று சொன்னதாக ஒரு கதை நியூசிலாந்தில் உண்டு. கதையோ நிஜமோ, ஆறு அங்குலம் ஒரு தேசத்தின் நெஞ்சில் முள்ளாக நின்றுபோனது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். டல்லாஸ் வேல்ஸ்காரர் இல்லை, நியூசிலாந்துக்காரரும் இல்லை. மூன்றாம் மனிதர். அப்பழுக்கில்லாத நடுநிலை. டீன்ஸும் பொய் சொல்கிற ஆள் இல்லை. இருவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கலாம். பந்து பதிந்த கணத்தில் நடுவர் அங்கே இல்லை, அவர் வந்த கணத்தில் பந்து அங்கே இல்லை. ஆக, சிக்கல் நடுவர் எந்த ஊர்க்காரர் என்பதில் இல்லை. எங்கே நின்றார் என்பதில்.

ரக்பி உலகம் இதைப் புரிந்துகொள்ள நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

*

நடுவர் மூன்றாம் நாட்டுக்காரராக இருக்கவேண்டும் என்ற யோசனை அதற்கும் முந்தையது. 1884-ல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் லண்டன் பக்கத்தில் பிளாக்ஹீத் மைதானத்தில் மோதின. நடுவர் ஜார்ஜ் ஸ்க்ரிவன், அயர்லாந்துக்காரர். ஸ்காட்லாந்து வீரர் ஒருவர் பந்தைக் கையால் தட்டிவிட, அது இங்கிலாந்துக்கு வாய்ப்பாகப் போய் டிரை ஆகிவிட்டது. 'எங்காள் செய்தது விதிமீறல், அதோடு ஆட்டம் நின்றிருக்கவேண்டும்' என்றது ஸ்காட்லாந்து. 'தப்பு செய்தது நீங்கள், அதில் லாபமும் உங்களுக்கா?' என்றது இங்கிலாந்து. நடுவர் இங்கிலாந்து பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

விட்டார்களா? அடுத்த வருடம் இரண்டு நாடுகளும் ஆடவே இல்லை. 1886-ல் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றும் சேர்ந்து விதிகளைத் தீர்மானிக்க ஒரு சர்வதேச வாரியம் ஆரம்பித்தன. இன்றைய 'வேர்ல்ட் ரக்பி' அமைப்பின் விதை அதுதான். இங்கிலாந்து சேர மறுத்தது. 'அப்படியா, போ' என்று மற்ற மூவரும் 1888, 1889 இரண்டு வருடமும் அதைப் போட்டியிலிருந்தே ஒதுக்கிவைத்தார்கள். கடைசியில் மத்தியஸ்தம் நடந்து 1890-ல்தான் இங்கிலாந்து உள்ளே வந்தது.

ஒரே ஒரு தீர்ப்பு. அதுவும் நடுநிலையான ஆள் சொன்ன தீர்ப்பு. அதற்கு ஆறு வருடப் பகை!

ஐரோப்பாவிலாவது பக்கத்து நாட்டிலிருந்து ரயிலிலோ படகிலோ நடுவரை வரவழைக்கலாம். தெற்கே கதை வேறு. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றுக்கும் நடுவே கடல். சுற்றுப்பயணம் என்றால் மாதக்கணக்கில். ரக்பி அன்று சம்பளம் இல்லாத ஆட்டம், 1995 வரை அப்படித்தான். பள்ளிக்கூடத்திலோ ஆபீஸிலோ வேலை பார்க்கும் நடுவரை யார் செலவழித்து உலகத்தின் மறுகோடிக்கு அழைத்துப்போவது? அதனால் விருந்துக்குப் போன வீட்டில் சமையல்காரரும் அந்த வீட்டு ஆள்தான். மேட்ச் எந்த நாட்டிலோ, நடுவரும் அந்த நாட்டிலேயே.

விளைவு? 1959-ல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி நியூசிலாந்து போனது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் சேர்ந்த கூட்டணி இது. டுனெடின் நகரில் முதல் டெஸ்ட். லயன்ஸ் போட்டது நான்கு டிரை. நியூசிலாந்து போட்டது பூஜ்யம். ஜெயித்தது யார்? நியூசிலாந்து, 18-17! டான் கிளார்க் என்ற ஒற்றை மனிதர் ஆறு பெனால்டி கிக் அடித்து அத்தனை பாயின்ட்டையும் எடுத்தார். பெனால்டி கொடுத்தவர் நியூசிலாந்து நடுவர் ஆலன் ஃப்ளூரி. அவர் நூற்றுக்கு நூறு நேர்மையாகவே விசில் ஊதியிருக்கலாம். ஆனால், தோற்றுப்போய் டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்திருப்பவனிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், நம்புவானா?

1976-ல் அதே நியூசிலாந்து தென்னாப்பிரிக்கா போனபோது காட்சி தலைகீழ். நிறவெறி ஆட்சி நடந்த நாட்டோடு ஆடியதற்காக ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியால் ஒலிம்பிக்ஸையே புறக்கணித்த சுற்றுப்பயணம் அது. ஜோகன்னஸ்பர்கில் நான்காவது டெஸ்ட்டை தென்னாப்பிரிக்கா 15-14 என்று ஜெயித்தது. நடுவர் கெர்ட் பெஸூடென்ஹவுட், தென்னாப்பிரிக்கர். கிடைக்கவேண்டிய பெனால்டி டிரையை அவர் கொடுக்கவில்லை என்று நியூசிலாந்தில் வருடக்கணக்கில் புலம்பினார்கள். 1959-ல் லயன்ஸ் பட்ட மனக்குறை இப்போது இவர்களுக்கு.

விமானப் பயணம் சுலபமாக, 1980-களில் மூன்றாம் நாட்டு நடுவர் என்பது வழக்கமாகத் தொடங்கியது. 1981-ல் தென்னாப்பிரிக்கா நியூசிலாந்துக்கு வந்தபோது ஆக்லாந்து டெஸ்ட்டுக்கு விசில் பிடித்தவர் வேல்ஸின் கிளைவ் நார்லிங். மைதானத்துக்கு மேலே சின்ன விமானத்திலிருந்து போராட்டக்காரர்கள் மாவுப் பொட்டலங்களை வீசிக்கொண்டிருக்க, கடைசி நிமிடங்களில் நியூசிலாந்துக்கு அவர் ஒரு பெனால்டி கொடுத்தார். ஆலன் ஹியூசன் அடித்தார். 25-22. தென்னாப்பிரிக்க ரசிகர்கள் நார்லிங்கைத் திட்டித் தீர்த்தார்கள். நடுநிலை வந்துவிட்டது. வசவு மட்டும் நிற்கவில்லை.

*

சரி, ஆள் மாற்றியாகிவிட்டது. அடுத்து கண்ணை மாற்றிப் பார்ப்போம் என்று கேமராவைக் கொண்டுவந்தார்கள்.

நமக்கு இது கிரிக்கெட்டில் பழகிய சங்கதி. 1992 நவம்பரில் டர்பனில் சச்சின் டெண்டுல்கர் ரன் அவுட். டி.வி. பார்த்து அவுட் சொன்ன மூன்றாவது அம்பயர் கார்ல் லீபன்பர்க், அவரும் தென்னாப்பிரிக்கர்தான். 'சொந்த ஊர்க்காரன் கொடுத்துட்டான்யா' என்று யாராவது கத்தினார்களா? இல்லை. காரணம், படம் தெளிவாக இருந்தது. படம் பளிச்சென்று இருந்தால் பாஸ்போர்ட்டை யாரும் கேட்பதில்லை.

ரக்பியில் 2000-த்தின் ஆரம்ப வருடங்களில் டி.எம்.ஓ. வந்தார். டெலிவிஷன் மேட்ச் அஃபிஷியல். டி.வி. திரை முன் உட்கார்ந்து ரீப்ளே பார்த்து மைதான நடுவரின் காதில் பதில் சொல்லும் ஆள். இதில் ரக்பிக்கே உரிய ஒரு நுணுக்கம் உண்டு. அன்று நடுவர் இரண்டு விதமாகக் கேட்கலாம். 'டிரையா, இல்லையா?' என்பது ஒன்று. 'இதை டிரை என்று கொடுக்கக்கூடாது என்பதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா?' என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பந்து தரையில் பட்டதைக் காட்டவேண்டும். இரண்டாவது கேள்விக்குப் படவில்லை என்பதைக் காட்டவேண்டும். கோர்ட் பாஷையில் சொன்னால், நிரூபிக்கும் பொறுப்பு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மாறிவிடுகிறது. படம் கலங்கலாக இருந்தால், கேள்வி கேட்ட விதத்திலேயே தீர்ப்பு முடிந்துபோகும்!

2007 உலகக் கோப்பை இறுதிப்போட்டி, பாரிஸ். தென்னாப்பிரிக்கா 9, இங்கிலாந்து 3. இரண்டாம் பாதி தொடங்கியதும் இங்கிலாந்தின் மார்க் க்யூட்டோ மூலையில் பாய்ந்து பந்தைப் பதிக்கிறார். டி.எம்.ஓ. ஆஸ்திரேலியாவின் ஸ்டூவர்ட் டிக்கின்சன். ஒரு ரீப்ளே, இரண்டு ரீப்ளே, முன்னே, பின்னே, நிறுத்தி... உலகமே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. பந்து பதிவதற்கு முன் க்யூட்டோவின் இடது கால் பக்கவாட்டுக் கோட்டை உரசிவிட்டது என்றார் டிக்கின்சன். டிரை இல்லை. தென்னாப்பிரிக்கா 15-6 என்று கோப்பையைத் தூக்கியது.

இங்கிலாந்து அழுதது. ஆனால், டீன்ஸ் மாதிரி நூறு வருட வழக்கு எழவில்லை. ஏன் என்றால், டிக்கின்சன் பார்த்த அதே படத்தை வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்தார்கள். முடிவு பிடிக்காவிட்டாலும், எதைப் பார்த்துச் சொன்னார் என்பது தெரிந்தது.

அப்பாடா, பிரச்னை தீர்ந்தது என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

அந்தப் படத்தை எடுத்துக் கொடுப்பவர் யார்? மேட்ச் நடக்கும் நாட்டு டி.வி. கம்பெனி. எந்த ரீப்ளேயை, எந்தக் கோணத்தில், எத்தனை முறை காட்டுவது என்று முடிவு செய்வது அதன் டைரக்டர். மைதானத்தின் பெரிய திரையில் ஒரு காட்சி ஓடினால் எண்பதாயிரம் பேர் 'ஓ'வென்று கத்துவார்கள். நடுவரும் மனிதர்தானே, திரும்பிப் பார்ப்பார். 2015 உலகக் கோப்பையின் முதல் மேட்சில் அதுதான் நடந்தது. லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் இங்கிலாந்தும் ஃபிஜியும். ஃபிஜியின் மட்டவாலு டிரை போட்டார், நடுவர் கொடுத்தும்விட்டார். அடுத்த கிக் அடிப்பதற்குள் பெரிய திரையில் ரீப்ளே. பந்து கை நழுவுவது அப்பட்டமாகத் தெரிந்தது. டி.எம்.ஓ. பார்த்தார், டிரை ரத்து. தீர்ப்பு சரிதான். ஆனால், திரையில் அந்தக் காட்சி ஓடாமல் இருந்திருந்தால்? நடுவரை மூன்றாம் நாட்டிலிருந்து கொண்டுவந்தீர்கள். டைரக்டரை?

அதே உலகக் கோப்பையில் இதற்கு ஒரு மருந்தும் வந்தது. நமக்கு கிரிக்கெட்டில் தெரிந்த ஹாக்-ஐ கம்பெனியின் கருவி. எல்லா கேமராவின் படமும் ஒரே நேரக் கணக்கில் கோத்து டி.எம்.ஓ. மேஜைக்கே வந்துவிடும். டைரக்டர் தருவதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கருவி இருந்தும் விதி கையைக் கட்டினால்? அதுவும் நடந்தது. அதே ட்விக்கன்ஹாம், கால் இறுதி. ஸ்காட்லாந்து கடைசி நிமிடம் வரை ஆஸ்திரேலியாவை முந்தி நிற்கிறது. தென்னாப்பிரிக்க நடுவர் கிரெய்க் ஜூபேர் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். 35-34. ஸ்காட்லாந்து வெளியே. அந்தப் பெனால்டி தவறு, ஸ்க்ரம்தான் கொடுத்திருக்கவேண்டும் என்று வேர்ல்ட் ரக்பியே பிறகு ஒப்புக்கொண்டது. டி.எம்.ஓ.விடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்கமுடியாது. அந்த மாதிரித் தவறுக்கு டி.எம்.ஓ. உதவி பெற விதியில் இடமில்லை. கேமரா இருந்தது, திரை இருந்தது, நடுநிலையான ஆள் இருந்தார். பார்க்கத்தான் அனுமதி இல்லை.

நடுநிலையான ஆள், கேமரா, அனுமதி மூன்றும் சேர்ந்தும் தப்பு நடக்குமா? அதற்கு 2018 பிப்ரவரி சாட்சி. மறுபடி ட்விக்கன்ஹாம். இங்கிலாந்துக்கு எதிராக வேல்ஸின் கேரத் ஆன்ஸ்காம்ப் கோட்டுக்கு அப்பால் பந்தின் மேல் பாய்ந்தார். டி.எம்.ஓ. டிரை இல்லை என்றார். இங்கிலாந்து 12-6 என்று ஜெயித்தது. அது டிரைதான், டி.எம்.ஓ. தவறிவிட்டார் என்று பிறகு வேல்ஸுக்குத் தகவல் வந்தது. அந்த டி.எம்.ஓ. க்ளென் நியூமன், நியூசிலாந்துக்காரர். டிரை மறுக்கப்பட்ட ஆன்ஸ்காம்ப் பிறந்தது நியூசிலாந்தில். வேல்ஸின் கோச் வாரன் கேட்லண்டும் நியூசிலாந்துக்காரர்! 1905-ல் வேல்ஸுக்கு எதிராக நியூசிலாந்துக்கு மறுக்கப்பட்ட டிரையை 113 வருடம் கழித்துக் கணக்குத் தீர்த்தது போல இருக்கிறதல்லவா? வரலாற்றுக்கு சில சமயம் குறும்பு அதிகம். ஆனால், விஷயம் தெளிவு. வேறு நாட்டு பாஸ்போர்ட் பாரபட்சத்தைத் தடுக்கலாம், பிழையைத் தடுக்காது.

*

2021. கொரோனா காலம். லயன்ஸ் அணி தென்னாப்பிரிக்கா போயிருக்கிறது. மூன்று டெஸ்ட்டும் கேப்டவுனில், காலி மைதானத்தில். டி.எம்.ஓ.வாக அறிவிக்கப்பட்டிருந்தவர் நியூசிலாந்தின் பிரெண்டன் பிக்கரில். பயணக் கட்டுப்பாடுகளால் அவரால் வரமுடியவில்லை. பதிலுக்கு உட்காரவைக்கப்பட்டவர் மாரியஸ் ஜாங்கர். தென்னாப்பிரிக்கர்.

லயன்ஸ் கோச் யார் தெரியுமா? அதே கேட்லண்ட். மனிதர் கொதித்துப்போனார். 'இப்படி ஆகும் என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டாமா?' என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான்.

கிரிக்கெட்டில் இதே சிக்கலுக்கு முந்தைய வருடமே ஒரு வழி செய்திருந்தார்கள். நடுநிலை அம்பயர் முறையில் 1986-லேயே லாகூரில் பாகிஸ்தான் - வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட்டுக்கு வி.கே.ராமசாமி, பிலூ ரிப்போர்ட்டர் என்று இரண்டு இந்தியர்களை நிறுத்தி வழிகாட்டிய ஆட்டம் அது. 2020-ல் கொரோனா வந்ததும் 'உள்ளூர் அம்பயர்தான் நிற்பார், பதிலுக்கு ஆளுக்கு ஒரு ரிவ்யூ கூடுதலாக வெச்சுக்கோங்க' என்று சொல்லிவிட்டார்கள். ரக்பி டெஸ்ட்டில் அன்று அணிகள் கேட்கும் ரிவ்யூ கிடையாது.

ஜூலை 24, முதல் டெஸ்ட். இங்கேதான் கதை திரும்புகிறது. தென்னாப்பிரிக்காவின் வில்லி லெ ரூ டிரை போட்டார். ஜாங்கர் பார்த்தார். மயிரிழையில் ஆஃப்சைடு. ரத்து! இன்னொரு தென்னாப்பிரிக்க டிரையும் அவர் பார்த்து ரத்தானது. லயன்ஸ் 22-17 என்று ஜெயித்தது. யாரை நம்பமுடியாது என்று லயன்ஸ் பயந்ததோ, அவர்தான் தன் சொந்த நாட்டின் டிரைகளைத் தள்ளிவிட்டவர்.

அதற்காகக் கேட்லண்ட் கேட்டது தப்பாகிவிடுமா? ஆகாது. ஜாங்கர் நேர்மையாக இருந்தார், சரி. ஆனால், லெ ரூவின் டிரையை அவர் கொடுத்திருந்தால்? அது எவ்வளவு சரியான தீர்ப்பாக இருந்தாலும் ஒரு லயன்ஸ் ரசிகர் நம்பியிருப்பாரா? இன்னொரு பக்கம், சொந்த நாட்டு டிரையை ரத்து செய்துவிட்டு அந்த மனிதர் மறுநாள் காலை சொந்த ஊர்க் கடைத்தெருவில் நடக்கவேண்டும். நடுநிலை விதி எதிரணிக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை. தீர்ப்புச் சொல்கிறவருக்கும் அதுதான் கவசம்.

தோற்ற கடுப்பில் தென்னாப்பிரிக்காவின் ரஸ்ஸி எராஸ்மஸ் 62 நிமிட வீடியோ ஒன்றில் பேசினார். மைதான நடுவரான ஆஸ்திரேலியாவின் நிக் பெர்ரியின் தீர்ப்புகளைக் காட்சி காட்சியாக ஓட்டி, இது தப்பு, அது தப்பு என்று அடுக்கினார். வீடியோ இணையத்தில் பரவியது. வேர்ல்ட் ரக்பி விசாரித்து அவருக்கு இரண்டு மாதத் தடையும், அதன்பிறகு 2022 செப்டம்பர் வரை மேட்ச் நாள் பொறுப்புகளுக்குத் தடையும் விதித்தது. ஜாங்கர்மேல் இருந்த சந்தேகம் பொய்த்துப்போக, பழி மூன்றாம் நாட்டு நடுவர் தலையில் வந்து விடிந்ததுதான் வேடிக்கை.

இப்போது உங்களுக்கே ஒரு கேள்வி எழுந்திருக்கும். பிக்கரில் எதற்கு விமானம் ஏறவேண்டும்? அவர் வேலையே திரையைப் பார்ப்பதுதானே! திரை கேப்டவுனில் இருந்தால் என்ன, ஆக்லாந்தில் இருந்தால் என்ன?

கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணாடி இழை கேபிளில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்ட நொடியில் பதினாறில் ஒரு பங்குதான். கண் இமைப்பதைவிடக் குறைவு. நிஜ கேபிள் வளைந்து நெளிந்து போகும், படத்தைச் சுருக்கி விரிக்கவும் நேரம் பிடிக்கும். எல்லாம் சேர்ந்தாலும், நின்று நிதானித்து ரீப்ளே பார்க்கும் வேலைக்கு அது ஒரு தாமதமே இல்லை. அத்தனை கேமராவின் படமும் ஒன்றோடொன்று பிசகாமல் வந்து சேரவேண்டும், நடுவரோடு பேசும் லைன் அறுந்துபோகக்கூடாது, அறுந்தால் மாற்று லைன் வேண்டும். செலவு இருக்கிறது. மாயமந்திரம் எதுவும் இல்லை.

மற்றவர்கள் செய்தும் காட்டியிருந்தார்கள். ரக்பியின் பங்காளி ஆட்டமான ரக்பி லீக், ஆஸ்திரேலியாவில் 2016-லேயே சிட்னியில் ஒரு 'பங்கர்' அமைத்து, எந்த ஊர் மேட்சுக்கும் அங்கிருந்தே வீடியோ தீர்ப்புச் சொன்னது. ஜெர்மன் கால்பந்து லீக் 2017-ல் கொலோன் நகரில் ஓர் அறை போட்டது. 2018 கால்பந்து உலகக் கோப்பையில் ரஷ்யாவின் 12 மைதானங்களுக்கும் வீடியோ நடுவர்கள் மாஸ்கோவில்தான் இருந்தார்கள்.

*

ரக்பி யூனியனும் 2023-ல் அந்த வழிக்கு வந்தது. முரட்டு ஆட்டத்துக்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டி வீரரைப் பத்து நிமிடம் வெளியே அனுப்புவார். அது சிவப்பாக வேண்டுமா என்பதை பங்கரில் இருக்கும் அதிகாரி எட்டு நிமிடத்துக்குள் அலசிச் சொல்வார். பிரான்ஸ் உலகக் கோப்பையில் ஒன்பது நகரங்களில் மேட்ச், பங்கர் பாரிஸில். மைதானத்துக் கூச்சல் அந்த அறைக்குள் கேட்காது. வீரர்களின் முறைப்பும் கிடையாது.

அக்டோபர் 28, இறுதிப்போட்டி. நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும். நியூசிலாந்து கேப்டன் சாம் கேனின் மஞ்சள் அட்டையை பங்கர் சிவப்பாக்கியது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் வீரர் அவர்தான். பிறகு ஆரன் ஸ்மித் டிரை போட்டார். நடுவர் வேய்ன் பார்ன்ஸ், டி.எம்.ஓ. டாம் ஃபோலி. இருவரும் இங்கிலாந்துக்காரர்கள், இந்த மேட்சுக்கு நடுநிலையாளர்கள். ஃபோலி ரீப்ளேயைப் பின்னோக்கி ஓட்டி, நான்கு கட்டம் முன்னால் நியூசிலாந்து பந்தை முன்பக்கமாக நழுவவிட்டதைப் பிடித்தார். டிரை ரத்து. தென்னாப்பிரிக்கா 12-11.

பந்து நழுவியது நிஜம். ஆனால், அந்த மாதிரித் தவறுக்கு டி.எம்.ஓ. இரண்டு கட்டம்தான் பின்னால் போகலாம் என்பது அன்றைய விதி. எட்டு வருடம் முன்னால் ஜூபேர் விதியை மீறாமல் தப்பான தீர்ப்புக் கொடுத்தார். ஃபோலி சரியான உண்மையைச் சொன்னார், விதியைத் தாண்டி. இரண்டு பேருக்கும் கிடைத்தது ஒரே பரிசு. வசவு.

ஃபோலிக்கு வசவோடு நிற்கவில்லை. அவருக்கும் குடும்பத்துக்கும் மிரட்டல்கள் வந்தன. சில வாரங்களில் சர்வதேச மேட்ச்களிலிருந்து ஒதுங்கிக்கொள்வதாக அறிவித்துவிட்டார். பார்ன்ஸ் ஓய்வு பெற்றார். அவரும் டல்லாஸ் மாதிரி சட்டம் படித்தவர், வக்கீல்.

தமிழில் நடுவர் என்றாலே நடுவில் நிற்பவர். ரக்பி அவரை முதலில் வேறு நாட்டிலிருந்து அழைத்து வந்தது. பிறகு ஒரு அறைக்குள் உட்காரவைத்தது. அதற்கப்புறம் வேறு ஊருக்கே அனுப்பியது. ஒவ்வொரு முறையும் ஒரு குறை தீர்ந்தது என்பதை மறுக்கமுடியாது. இன்னொரு கொரோனா வந்தால், விமானம் கிடைக்கவில்லை என்ற காரணத்துக்காக உள்நாட்டு ஆளை டி.எம்.ஓ. நாற்காலியில் உட்காரவைக்கவேண்டிய அவசியம் இல்லை. அது நல்ல விஷயம். ஆனால், தீர்ப்புச் சொல்பவர் எத்தனை ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்தாலும் செல்போன் வழியாக மிரட்டல் அவர் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கண்ணாடி இழை இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

டீன்ஸின் ஆறு அங்குலத்தை இன்றைக்கு ஒரு கேமரா சில நொடிகளில் அளந்து சொல்லிவிடும். அன்று கேமரா இல்லை. ஆனால், டல்லாஸின் தீர்ப்பை நம்பாத டீன்ஸ் செய்ததெல்லாம் ஒரு பத்திரிகைக்குத் தந்தி அடித்தது மட்டும்தான். டல்லாஸ் வீட்டு விலாசத்தை யாரிடமும் அவர் கேட்கவில்லை.